ஹைபிரிட் ஆடுகளம்: பணம் இழைக்கா, மண்ணுக்கா?

கேள்வி இதுதான்: "எங்கள் கிளப் சொந்த மைதானத்தில் ஹைபிரிட் ஆடுகளம் போடப்போவதாக அறிவித்திருக்கிறது. ரசிகர்களுக்குள் ஒரே சண்டை. இது பிளாஸ்டிக் தரை, கால்பந்தே இல்லை என்கிறது ஒரு கோஷ்டி. இந்தக் காசுக்கு நல்ல ஸ்ட்ரைக்கர் ஒருவரை வாங்கியிருக்கலாம் என்கிறது இன்னொரு கோஷ்டி. உண்மையில் இது உருப்படியான செலவுதானா?"

உருப்படியான செலவுதான், ஒழுங்காகச் செய்தால். ஆனால் அறிவிப்பில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் செயற்கை இழையை வைத்து அதை முடிவு செய்ய முடியாது. இழைக்கு அடியில் என்ன போடுகிறார்கள், போட்ட பிறகு ஒவ்வொரு வருடமும் அதற்கு என்ன செய்யப்போகிறார்கள் என்ற இரண்டையும் பார்க்க வேண்டும். புல்தரை வேலையில் பல சீசன்கள் முட்டி தேய்ந்தவன் நான். கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் பிளாஸ்டிக் விஷயத்தை முடித்துவிடுவோம். ஹைபிரிட் என்பது உயிருள்ள புல். மணல் கலந்த மண்ணுக்குள் செயற்கை இழைகளைத் தையல் மெஷின் போன்ற ஓர் இயந்திரம் செங்குத்தாக இறக்கிவிடுகிறது. பழைய, பிரபலமான முறையில் ஒவ்வொரு கொத்து இழையும் சுமார் 18 செ.மீ. மண்ணுக்குள் போகும், 2 செ.மீ. வெளியே நிற்கும். ஒரு கொத்துக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 2 செ.மீ. அப்படியென்றால் ஒரு சதுர மீட்டரில் 2,500 கொத்துகள். ஆடுகளம் 105-க்கு 68 மீட்டர், அதோடு கோட்டுக்கு வெளியே உள்ள ஓரங்களையும் சேர்த்தால் கணக்கு ஏறக்குறைய 2 கோடியில் வந்து நிற்கும். கேட்டால் மலைப்பாக இருக்கும். ஆனால் மேற்பரப்பில் இந்த இழையின் பங்கு 3 முதல் 5 சதவீதம்தான். மீதியெல்லாம் தண்ணீர் குடித்து, வெயில் வாங்கி, வெட்டினால் திரும்ப வளரும் நிஜப் புல்.

பிளாஸ்டிக் என்றதும் பழைய ரசிகர்கள் கொதிப்பதற்கும் காரணம் இருக்கிறது. இங்கிலாந்தில் குயின்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ் 1981-இல் முழுச் செயற்கைத் தரை போட்டது. பின்னாலேயே லூட்டன், ஓல்டம், பிரஸ்டன் கிளப்புகளும் போட்டன. காங்கிரீட் மேல் கம்பளம் விரித்த மாதிரி பந்து எகிறும், விழுந்தால் தோல் உரியும். எதிரணிக்காரர்கள் திட்டிக்கொண்டேதான் ஆடினார்கள். பிரஸ்டன் 1994-இல் கழற்றியதோடு அந்தக் கதை முடிந்தது. இன்றைய முழுச் செயற்கைத் தரைகள் அதைவிட எவ்வளவோ மேல். இருந்தும் நெதர்லாந்தின் முதல் டிவிஷனில் 2025-26 சீசனிலிருந்து அவற்றுக்கு இடமில்லை. ஸ்காட்லாந்தின் முதல் டிவிஷனும் 2026-27 முதல் வேண்டாம் என்று முடிவெடுத்தது. இந்தத் தடை எதுவும் ஹைபிரிட்டைத் தொடுவதில்லை. 2018 உலகக்கோப்பையின் இறுதிப் போட்டி நடந்த மாஸ்கோ லூஷ்னிகி மைதானமே ஹைபிரிட்தான். அதற்கு முன்பு அங்கே கிடந்தது முழுச் செயற்கைத் தரை. 2008 சாம்பியன்ஸ் லீக் இறுதிப் போட்டியை அங்கே நடத்த, தற்காலிகமாக நிஜப் புல்லைக் கொண்டுவந்து போட வேண்டியிருந்தது. ஆக, கிளப் போகிற திசை பிளாஸ்டிக்குக்கு எதிர்த்திசை.

சரி, 3 சதவீத இழை அப்படி என்னதான் சாதிக்கிறது?

ஒரு சென்டர்-பேக் வேகமாக ஓடிவந்து, திசை மாற்ற வலது காலை ஊன்றித் திரும்புவதை மனதில் வையுங்கள். உடம்பின் மொத்த எடையும் பூட்ஸின் அடியில் துருத்தி நிற்கும் நாலைந்து ஸ்டட்கள் வழியாகப் பக்கவாட்டில் மண்ணைத் தள்ளுகிறது. வெறும் மணல் மண்ணில் புல்வேர் மட்டும்தான் பிடிமானம். அது அறுந்தால் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மண்துண்டு அப்படியே பெயர்ந்து வரும், வேரோடு. டிவியில் ஆட்டக்காரர் குனிந்து அதைக் குதிகாலால் மிதித்துச் சமன் செய்வதைப் பார்த்திருப்பீர்கள். ஹைபிரிட்டில் வேர்கள் கீழே இறங்கும்போது இழைகளைச் சுற்றிப் பின்னிக்கொள்கின்றன. மண்ணைச் செங்குத்தாக ஒரு பட்டையாக வெட்டி எடுத்துப் பார்த்தால் தெரியும்: நன்றாகப் பராமரித்த தளத்தில் வெள்ளை வேர்கள் பச்சை இழையோடு சடை போட்டது மாதிரி கிடக்கும். அப்படிப்பட்ட இடத்தில் ஸ்டட் கீறினால் புல்லின் நுனி கிழியும், அடிப்பாகம் தங்கிவிடும். அடிப்பாகம் தங்கினால் ஒன்றிரண்டு வாரத்தில் தானாகத் தேறிவிடும்.

குளிர்ப் பிரதேச மைதானங்களில் போடும் ரைகிராஸ் கொத்துக் கொத்தாக வளரும் புல். ஒரு கொத்து போய்விட்டால் அந்த இடம் வழுக்கைதான், புதிதாக விதைக்க வேண்டும். வெப்பப் பிரதேசங்களில் போடும் பெர்முடா தரையோடு கொடி ஓடிப் பரவும், ஓட்டையைத் தானே அடைத்துக்கொள்ளும். அதனால் தையலின் பலன் ரைகிராஸ் தரையில்தான் பளிச்சென்று தெரியும். பெர்முடா தரையில் வீண் என்று சொல்லமாட்டேன். ஆனால் அங்கே அதே பணத்தை வடிகாலுக்குக் கொடுத்தால் பலன் கூடுதலாக இருக்கும் என்பது என் கட்சி.

வடிகால் என்று சொல்லிவிட்டேன் அல்லவா, உங்கள் கிளப்பின் பணம் பெரும்பாலும் போய்ச்சேரும் இடம் அதுதான். ஒழுங்கான தளத்துக்கு, பழைய மண்ணை வழித்து எடுத்துவிட்டு அடியில் குழாய் வரிசைகள் பதிப்பார்கள். அதன்மேல் ஜல்லி. ஜல்லிக்கு மேல் மணலே பெரும்பகுதியாக உள்ள வேர் மண்டலம். நடுவில் நீர்ப்பாசனக் குழாய், குளிர் ஊராக இருந்தால் அடியில் சூடேற்றும் குழாய். இதெல்லாம் முடிந்த பிறகுதான் தையல் இயந்திரம் உள்ளே வரும். அதன் வேலை சில நாளில் முடிந்துவிடும். படம் எடுக்க அழகாக இருப்பதால் கிளப் வெளியிடும் வீடியோவில் இயந்திரம் மட்டும் வரும், குழாய் வராது. அடியில் களிமண் இருந்து, தண்ணீர் இறங்க வழியில்லாமல் அதன்மேல் 2 கோடி இழை தைத்தால் கிடைப்பது விலையுயர்ந்த சேறு. சுவரை வைத்துத்தான் சித்திரம்.

மணலுக்கும் ஒரு குணம் உண்டு. தண்ணீரை வேகமாக விடும், அதோடு உரத்தையும் விட்டுவிடும். அதனால் மணல் தளத்துக்குச் சிறுகச் சிறுக, அடிக்கடி உரம் ஊட்ட வேண்டும். மாதம் ஒருமுறை மொத்தமாகக் கொட்டிப் பழகிய கிரவுண்ட்ஸ்மேனுக்கு, அதாவது மைதானப் பராமரிப்பாளருக்கு, முதல் வருடம் கஷ்டம்தான்.

வெம்ப்லி கதையைச் சொல்லாமல் இதைப் பேச முடியாது. 2007-இல் லண்டனில் புது வெம்ப்லி மைதானம் திறந்தது. அடுத்த மூன்று வருடத்தில் ஏறத்தாழ பத்து முறை புல்லை மாற்றினார்கள். உயரமான ஸ்டாண்டுகளின் நிழல், காற்றோட்டக் குறைவு, போதாக்குறைக்குக் கச்சேரி, பிற விளையாட்டுகள். 2010 ஏப்ரலில் எஃப்ஏ கோப்பை அரையிறுதி, டாட்டன்ஹாமும் போர்ட்ஸ்மவுத்தும். கூடுதல் நேரத்தில் டாட்டன்ஹாம் தடுப்பாட்டக்காரர் மைக்கேல் டாசன் பந்தை வெளியேற்றப் போய்க் கால் வழுக்கினார், போர்ட்ஸ்மவுத்தின் பிக்கியோன் கோல் அடித்தார், டாட்டன்ஹாம் வெளியேறியது. அந்தக் கோடையிலேயே வெம்ப்லிக்கு ஹைபிரிட் வந்தது. புகார்கள் சட்டென்று குறைந்தன.

ஹைபிரிட் கட்சிக்காரர்கள் கதையை இங்கே நிறுத்திவிடுவார்கள். மீதியும் உண்டு. 2018 அக்டோபர் 28 அன்று அதே வெம்ப்லியில் அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்எஃப்எல்லின் ஆட்டம் நடந்தது. அடுத்த நாள் இரவே டாட்டன்ஹாமும் மான்செஸ்டர் சிட்டியும் அங்கே மோதின. அமெரிக்கக் கால்பந்தின் கோடுகள் அழியாமல் தெரிய, நடுப்பகுதி உழுத வயல் மாதிரி கிடந்தது. ஹைபிரிட்தான், தையல் எல்லாம் இருந்தது. இரண்டு நாளில் இரண்டு ஆட்டம், அதில் ஒன்று நூற்றுச் சொச்சம் கிலோ ஆட்கள் ஒரே இடத்தில் முட்டித் தள்ளும் ஆட்டம் என்றால் எந்த இழையும் தாங்காது. சேதத்தை மெதுவாக்குவதும், தேறுவதை வேகமாக்குவதும்தான் அதன் வேலை.

வெளிச்சத்தையும் இழை தராது. மிலானின் சான் சீரோவில் 1990 உலகக்கோப்பைக்காக மூன்றாவது அடுக்கும் கூரையும் ஏற்றினார்கள். அன்றிலிருந்து கீழே புல்லுக்கு வெயில் போதவில்லை, வருடா வருடம் பல தடவை தரை மாற்றும் பிழைப்பாகிவிட்டது. 2012-இல் ஹைபிரிட் போட்டார்கள். போட்டாலும் நிழல் நிழல்தானே, அதனால் விளக்கு வேண்டும். பெரிய மைதானங்களில் ஆட்டம் இல்லாத நாளில் சக்கரம் வைத்த நீளமான சட்டங்களில் விளக்குகளைத் தொங்கவிட்டு, புல்லுக்கு மேலே நகர்த்திக்கொண்டே இருப்பார்கள். உங்கள் மைதானத்தில் ஒரு பக்க ஸ்டாண்டு உயரமாக இருந்தால், அதன் நிழல் விழும் பக்கத்துக்கு விளக்கு வாங்குகிறார்களா என்று கேளுங்கள். ஸ்ட்ரைக்கர் வாதத்தைவிட இது முக்கியமான கேள்வி.

இப்போது வருடாந்திரச் சீரமைப்பு. என்னைக் கேட்டால் மொத்த விஷயத்தின் உயிர்நாடி இதுதான்.

ஒவ்வொரு சீசன் முடிவிலும் ஹைபிரிட் தளத்தின் மேல்தோலை உரித்து எடுக்க வேண்டும். சுழலும் கத்திகள் கொண்ட ஓர் இயந்திரம் புல்லையும், அதன் அடியில் ஒரு வருடமாகச் சேர்ந்த மட்கிய குப்பையையும், விதைக்காமலே முளைத்த களைப்புல்லையும் சேர்த்து வழித்துவிடும். இழைகள் மட்டும் அப்படியே நிற்கும். அந்த நேரத்தில் எடுத்த படம் வெளியே வந்தால் ரசிகர்கள் அலறுவார்கள், "பார்த்தீர்களா, பிளாஸ்டிக்தான்!" என்று. அறுவடை முடிந்த வயலில் தாள் நிற்குமே, அந்த மாதிரி மணலுக்கு மேல் வரிசை வரிசையாகப் பச்சை இழை நிற்கும். பயப்பட ஒன்றுமில்லை. பிறகு மணலைக் கிளறி, இறுகிய இடத்தைக் குத்தித் தளர்த்தி, புது மணல் தூவி, ரைகிராஸ் விதைப்பார்கள். ஒரு வாரத்தில் முளை தெரியும். ஆடத் தகுதியாக ஆறு முதல் எட்டு வாரம் ஆகும்.

இதைச் செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பதை நான் கண்ணால் பார்த்தேன். ஒரு கிளப், பெயர் வேண்டாம். தையல் போட்டார்கள், முதல் சீசன் பிரமாதம். இரண்டாம் வருடம் செலவைக் குறைக்கச் சொல்லி, உரிக்கும் வேலையைத் தள்ளிப்போட்டார்கள். "புல் நன்றாகத்தானே இருக்கிறது, எதற்குப் பிய்க்க வேண்டும்?" என்று அலுவலகத்தில் கேட்டார்களாம். மூன்றாம் சீசன் பாதியில் மண் பட்டையை வெட்டி எடுத்துப் பார்த்தபோது மேலே இரண்டு விரல் பருமனுக்குக் கறுப்பாக, ஸ்பாஞ்சு போல மட்கு. இழைகளின் நுனி அதற்குள் புதைந்துவிட்டது. வேர்கள் மணலுக்குப் போகாமல் அந்த ஈரமான மட்கிலேயே சோம்பேறியாகப் படுத்திருந்தன. மழை பெய்த நாளில் ஆட்டக்காரர் காலை ஊன்றினால், இழைக்கு மேலே இருந்த அந்த அடுக்கு ஜமுக்காளம் மாதிரி நழுவியது. தைத்த தளத்தில் தையலுக்கே வேலையில்லாமல் போய்விட்டது. மிச்சம் பிடித்த காசைவிட நாலு மடங்கு வேலை அடுத்த கோடையில்.

ஆகவே கிளப் நிர்வாகத்தைச் சந்திக்க ரசிகர் மன்றத்துக்கு வாய்ப்புக் கிடைத்தால், "எத்தனை லட்சம் இழை?" என்று கேட்காதீர்கள். வருடாந்திரச் சீரமைப்புக்கு எத்தனை வருடத்துக்குப் பணம் ஒதுக்கியிருக்கிறீர்கள், கோடையில் மைதானத்தை எட்டு வாரம் பூட்டி வைப்பீர்களா அல்லது கச்சேரிக்கு விடுவீர்களா, பராமரிப்புக்கு எத்தனை ஆள் என்று கேளுங்கள். பதில் சொல்பவர் தடுமாறினால் அங்கேயே புரிந்துவிடும்.

எந்த வகை ஹைபிரிட் என்பதும் முக்கியம், அறிவிப்புகளில் இது பெரும்பாலும் வராது. நான் மேலே சொன்னது தையல் வகை. இன்னொன்று பாய் வகை: ஓட்டைகள் விட்டு நெய்த விரிப்பில் இழைகள் நிற்கும், அதில் மணல் நிரப்பிப் புல் வளர்ப்பார்கள். வேறெங்கோ வளர்த்துச் சுருட்டிக்கொண்டு வந்து விரிக்கலாம் என்பது இதன் வசதி. சீசன் நடுவில் தரை போய்விட்டால் கைகொடுக்கும். ஆனால் பிடிமானம் விரிப்பின் ஆழத்தோடு நின்றுவிடும், வேர் ஓட்டை வழியாகக் கீழே இறங்கும்வரை சந்தேகம்தான். மூன்றாவதாக, மண்ணிலேயே நுண் இழையையும் தக்கைத் துகளையும் கலந்துவிடும் ஒரு பிரெஞ்சு முறை இருக்கிறது, தளம் இறுகாமல் மெத்தென்று இருக்கும் என்பார்கள். உங்கள் கிளப் "பத்து நாளில் முடிந்துவிடும்" என்று சொல்லியிருந்தால் அநேகமாகப் பாய் வகை. கோடை முழுக்க வேலை என்றால் அடியிலிருந்து தோண்டித் தைக்கிறார்கள் என்று அர்த்தம். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும்.

இந்தத் தரையில் காயம் அதிகம், காயம் குறைவு என்று இரண்டு கட்சியும் ஆதாரம் காட்டும். நான் எதற்கும் தலையாட்டமாட்டேன். தரை கல்லாக இருப்பதற்கு இழை காரணம் இல்லை. மண் இறுகியிருக்கும், அல்லது தண்ணீர் போதாமல் காய்ந்திருக்கும். இதை அளக்க ஒரு எளிய கருவி உண்டு: குழாய்க்குள் இரண்டேகால் கிலோ எடையை முழங்கால் உயரத்திலிருந்து தரையில் போடுவார்கள், மோதும் வேகத்தில் எவ்வளவு சடாரென்று நிற்கிறது என்று எண் காட்டும். நல்ல கிரவுண்ட்ஸ்மேன் கோல் வாசல், நடுவட்டம், ஓரம் என்று பல இடத்தில் போட்டுப் பார்த்து, எண் ஏறிய இடத்தைக் குத்தித் தளர்த்துவார். பயிற்சி மைதானத்தில் ஒரு குணம், போட்டி மைதானத்தில் வேறு குணம் என்று இருப்பதுதான் எனக்குக் கவலை. வாரத்தில் ஐந்து நாள் சேற்றில் ஓடிவிட்டு ஆறாம் நாள் விறைப்பான தளத்தில் இறங்கினால் தசைநார் என்ன செய்யும்? வசதியுள்ள கிளப்புகள் பயிற்சிக்களம் ஒன்றையும் அதே மாதிரி போட்டுக்கொள்வது இதனால்தான்.

சுற்றுச்சூழல் கேள்வியையும் ஒதுக்க முடியாது. முழுச் செயற்கைத் தரையில் தூவும் ரப்பர் துகளுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் தடை கொண்டுவந்து, 2031 வரை அவகாசம் கொடுத்திருக்கிறது. ஹைபிரிட்டில் அந்தத் துகள் கிடையாது. ஆனால் ஆயுள் முடிந்து தோண்டும்போது மணலும் பிளாஸ்டிக்கும் பிரிக்க முடியாமல் கலந்து வரும். அதை எங்கே கொட்டுவார்கள் என்று கேட்பது நியாயமான கேள்வி.

கடைசியாக ஸ்ட்ரைக்கர். உணர்ச்சி எனக்கும் புரிகிறது, கோல் அடிக்க ஆள் இல்லாத அணியைப் பார்ப்பது ரணம். ஆனால் இரண்டும் வேறு வேறு பெட்டியில் இருக்கும் பணம். ஆட்டக்காரர் சம்பளம் என்பது தொடர் செலவு. தளம் என்பது ஒழுங்காகப் பராமரித்தால் பத்து வருடம் போல வரும் சொத்து. மழையால் ஆட்டம் தள்ளிப்போனால் டிக்கெட் வருமானம், ஒளிபரப்பு ஏற்பாடு, வெளியூர் ரசிகர்களின் பயணம் எல்லாம் நாசம். பெண்கள் அணியையும் இளையோர் அணியையும் பிரதான மைதானத்தில் ஆடவிடாததற்கு "புல் தாங்காது" என்று ஒரு சாக்கு உண்டு, அதுவும் போய்விடும். சாதாரணப் புல்லைவிட மூன்று மடங்கு நேரம் ஆடலாம் என்பது தயாரிப்பாளர்களின் கணக்கு. வியாபாரிகள் சொல்லில் கொஞ்சம் கழித்துக்கொள்ளுங்கள், பாதி உண்மையானாலும் லாபம்தான். தளத்தின் தரம் தெரிந்துதான் பெரிய கிளப்புகள் ஆட்களைத் தேடிப் பிடிக்கின்றன: 2009-இல் ரியல் மாட்ரிட், ஆர்சனலில் இருந்து ஒருவரை விலை பேசி அழைத்துக்கொண்டது. பால் பர்ஜெஸ் என்ற அவர் ஆட்டக்காரர் இல்லை, கிரவுண்ட்ஸ்மேன்.

உங்கள் அணி நீண்ட பந்து தூக்கிப்போட்டு ஆடும் அணி என்றால், சீரான தளத்தால் வரும் நன்மை எதிரணிக்கும் சமமாகப் போகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். சேறு சில அணிகளுக்குப் பன்னிரண்டாவது ஆட்டக்காரர். பயிற்சியாளர் உள்ளுக்குள் வருத்தப்பட்டாலும் ஆச்சரியமில்லை.

முதல் சீசனில் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். புது வேர் இழையைப் பிடிக்க நேரம் எடுக்கும், தொடக்க ஆட்டங்களில் ஆங்காங்கே பெயரத்தான் செய்யும். தளத்தை எடைபோட வேண்டுமென்றால் சீசனின் கடைசி மாதத்தில், ஈரமான ஒரு நாளில், கோல் கீப்பர் நிற்கும் அந்த ஆறு கஜப் பெட்டியையும் லைன்ஸ்மேன் ஓடும் ஓரத்தையும் பாருங்கள். அங்கே மணல் தெரியாமல் பச்சை மிச்சம் இருந்தால், பணம் சரியான இடத்துக்குத்தான் போயிருக்கிறது.